பத்து நிமிடம் தாமதம்

“மணி ஒன்பது அடிச்சாச்சு, இன்னும் டீச்சரைக் காணோம். முதல் மார்க்கே முட்டைதான்” என்று கையால் வாயை மறைத்துக்கொண்டு மனைவியிடம் போனில் கிசுகிசுத்தார் கணக்கு வாத்தியார்.

“பசங்க போடற கூச்சல் இங்க வரைக்கும் கேக்குது. நீங்களாவது எழுந்து ரெண்டு வார்த்தை சொல்லி உட்கார வைங்களேன்.”

“நான் பார்க்க வந்தவன்டி. பார்க்க வந்தவங்க வாயைத் திறக்கக் கூடாதுன்னு பயிற்சியில படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க.”

“வீட்டுலயும் அதே பயிற்சிதானே” என்று போனை வைத்தாள் அவள்.

காலியாக இருந்தது ஒரே ஒரு தலைமை ஆசிரியர் பதவி. போட்டியில் மிஞ்சியவர்கள் இரண்டு பேர். இருவரும் இந்த வேற்றுப் பள்ளிக்கு வந்து, ஒரே வகுப்பைக் கவனித்து, மதிப்பெண் போட்டு அறிக்கை தர வேண்டும். கடைசி வரிசைக்குப் பின்னால் இரண்டு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். இன்னொருவர் யாரென்று வாத்தியாருக்குத் தெரியாது. வராத ஆளைத் தெரிந்து என்ன ஆகப் போகிறது என்று, அந்த நாற்காலியில் தன் பையை உட்கார வைத்தார்.

ஒன்பது பத்துக்கு ஒரு பெண் மூச்சு வாங்க உள்ளே வந்தார். வந்து நின்றதுதான் தாமதம், நாற்பது வாயும் மூடிக்கொண்டன.

வாத்தியாருக்கு வயிறு எரிந்தது. இருபத்திரண்டு வருடமாக மேஜையைத் தட்டியதில் அவருக்குக் கை காய்த்ததுதான் மிச்சம்.

“நேத்து எதுல நிறுத்தினீங்க? யாராவது எனக்குச் சொல்லிக் கொடுங்க, பார்க்கலாம்.”

ஒரு சிறுமி எழுந்து பின்னக் கணக்கை விளக்கினாள். பக்கத்துப் பையன் அவளைத் திருத்தினான். மூன்றாவது ஆள் கரும்பலகைக்கே ஓடினான்.

‘தெரியாத மாதிரி என்னமா நடிக்கறாங்க’ என்று பொருமினார் வாத்தியார். ‘இது நமக்குத் தோணித் தொலைக்கலையே.’

“உன் பேர் என்னம்மா?”

டீச்சர் மாட்டிக்கொண்டார். ‘பாதி வருடம் ஆகியும் மாணவர் பெயர் தெரியவில்லை’ என்று ஆசையாகக் குறித்தார் வாத்தியார். ஆனால் பெயரைச் சொன்ன ஒவ்வொரு பிள்ளையும் ஒரு அங்குலம் வளர்ந்த மாதிரி நிமிர்ந்தது. குறிப்பை அடித்துவிட்டார்.

பத்துக்கு ஐந்து போட்டார். மனசாட்சி உறுத்தியது; ஏழாக்கினார். மணி அடித்தபோது, “இன்னும் ஒரே ஒரு கணக்கு, டீச்சர்” என்று பிள்ளைகள் கெஞ்சவும், பல்லைக் கடித்துக்கொண்டு பத்தாக்கினார்.

அறிக்கையை வாங்கிக்கொண்ட அந்தப் பள்ளித் தலைமை ஆசிரியை, “என்ன சார், முகமே சரியில்லையே?” என்றார்.

“பொறாமைதான் மேடம், வேற என்ன. நல்லவேளை, உங்க டீச்சர் என்னோட போட்டிக்கு வரல. வர வேண்டியவங்களும் வரல. நான் பிழைச்சேன்.”

“எங்க கணக்கு டீச்சர் இன்னிக்குத் திடீர் லீவு, சார். ஒன்பது மணிக்குத்தான் தகவலே வந்துது. நீங்க பார்த்தவங்க, உங்களை மாதிரியே வகுப்பைப் பார்க்க வந்தவங்க. பஸ் லேட்டாம். சத்தம் கேட்டதும் என்கிட்டகூட வராம நேரா வகுப்புக்குள்ள போயிட்டாங்க.”

சொல்லிக்கொண்டே படித்தவரின் விரல், அறிக்கையின் முதல் வரியில் நின்றது: ‘9.00 முதல் 9.10 வரை வகுப்பில் ஆசிரியர் எவரும் இல்லை.’

“இதை எங்க உட்கார்ந்து எழுதினீங்க, சார்?”