ஷிப்ட் நோட்டு

கும்மிடிப்பூண்டி உருக்காலையில் ராபினுக்குப் பகல் ஷிப்ட், அறைத்தோழன் ஜெபாவுக்கு இரவு ஷிப்ட். வீடியோ கேமில் கடைசி எதிரியான கொம்பரக்கனை வீழ்த்த, ஷிப்ட் மாறும்போது குறிப்பெழுதும் ஆலை வழக்கப்படியே ஒரு நோட்டுப் போட்டிருந்தார்கள். அவன் எப்படித் தாக்குவான் என்று ஒருவன் எழுதிவைப்பான். மற்றவன் படித்துக் கையொப்பமிட்டு ஆடுவான்.

ஒரு வாரமாக ஆட்டத்தில் ராபின் உருண்டு தப்பும் பக்கமெல்லாம் கொம்பரக்கனின் வாள் முந்திக்கொண்டு வந்தது.

"இன்னாடா, அவன் என்னையே படிச்சிக்கினு ஆடுறான்?" என்று கேட்டான்.

ஜெபா நிமிராமல் ஷூவை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனான்.

ராபின் கதவைத் தாழிட்டு, நோட்டின் பின்பக்கங்களைப் புரட்டினான். "ராபின் பயந்தா இடதுபக்கம் உருளுவான். மூணாவது அடிக்கு அவசரப்படுவான்." ஒரே தட்டில் சாப்பிடும் ஜெபாவின் எழுத்து.

ஒவ்வொரு குறிப்பின் கீழும் இருவருடையதும் அல்லாத ஒரு கையொப்பம். இன்றைய குறிப்பின் கீழ் மட்டும் காலியாக இருந்தது.

முகம் கழுவிவிட்டு வந்து பார்த்தான். அங்கேயும் அதே கையொப்பம். மை காயவில்லை.