வெண்சுடர்ப் படையின் ஏழு விதிகள்

மூன்று கிரகங்களை எரித்துவிட்டு வந்த வீரன் செக்கிங் டேபிளில் மல்லாந்து கிடந்தான். இரும்புக் கவசம், நெற்றியில் சுடர், கையில் அவனைவிட உயரமான வாள்.

தொழிற்சாலையைச் சோதிக்க வந்த ஆடிட்டர் தண்டாயுதபாணி அவனை இரண்டு கையாலும் தூக்கி உதறினார். கழுத்துத் தையலை இழுத்துப் பார்த்தார். எக்ஸ்எல் சைஸ் சாம்பிள் டீ-ஷர்ட்.

"யாரும்மா இது?"

"வெண்சுடர்ப் படைங்க சார்," என்றாள் கீர்த்தனா. அந்த ஆர்டரின் எல்லா வேலையும் அவள் பொறுப்பு. "நம்மகிட்ட டீ-ஷர்ட் வாங்கற பையர் போர் விளையாட்டு விக்கிறவருங்க. மேசை மேல குட்டிக் குட்டி பொம்மைகளை நிறுத்தி, தாயக்கட்டை உருட்டி ஆடறது. பத்தாயிரம் வருசம் கழிச்சு நடக்கிற கதைங்க. இவங்க சாமிக்காகச் சண்டை போடறவங்க. கோயில் மாதிரி பெரிய ராக்கெட்ல கிரகம் கிரகமாப் போவாங்க. இவங்க சாமியைக் கும்பிடாதவங்களை ஊரோட எரிச்சிருவாங்க."

"அப்ப வில்லனுங்க."

"இல்லீங்க சார். இவங்கதான் ஹீரோ."

ஆடிட்டர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். தொழிற்சாலையில் மதத்தின் பேரால் பாகுபாடு உண்டா என்பது அதே பையர் கேட்டிருந்த முதல் கேள்வி. இல்லை என்று டிக் அடித்தார்.

நாற்பதாயிரம் பீஸ் ஆர்டர். இன்றைய ஆடிட் பாஸானால்தான் கைக்கு வரும். வராவிட்டால் எண்பது டெய்லர்களுக்கு அடுத்த வாரம் வேலையில்லை. கீர்த்தனாவுக்கு நாளைக்கே இல்லை. முதலாளி சுப்பண்ணன் அதைக் காலையிலேயே மரியாதையாகச் சொல்லியிருந்தார்: "பெயிலாச்சுன்னா, நாளைக்கு பஸ் ஏறி சிரமப்பட வேண்டாங்க அம்மிணி."

இதுவரை எல்லாம் நன்றாகவே போயிருந்தது. முதலுதவிப் பெட்டிக்குள் மருந்து இருந்தது. அவசர வழியில் துணி மூட்டை இல்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர்கூட வந்தது.

"கடைசியா ஒண்ணு," என்றார் ஆடிட்டர். "பையரோட நடத்தை விதிகளைத் தமிழ்ல எழுதி, வேலை செய்றவங்க கண்ணுல படுற மாதிரி மாட்டியிருக்கணும்."

"மாட்டி மூணு மாசமாச்சுங்க!" சுப்பண்ணன் முந்திக்கொண்டு வாசல் பக்கச் சுவரைக் காட்டினார். நீலப் பலகையில் மஞ்சள் எழுத்து. "எம்பது பேரும் படிச்சுக் கையெழுத்துப் போட்டிருக்காங்க. நானும் படிச்சனுங்க. நம்ம மனசுல இருக்கிறதை அப்படியே எழுதியிருக்காங்க."

ஆடிட்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாக வாசித்தார்.

"ஒன்று. கேள்வி கேட்பவன் எதிரி. இரண்டு. ஓய்வு என்பது துரோகம். மூன்று. வலியை வெளியே சொல்லாதே. நான்கு. கட்டளை வந்தால் இரவும் பகலே."

கீர்த்தனா போர்டையும் டேபிளையும் மாறி மாறிப் பார்த்தாள். மூன்று மாதத்துக்கு முன் பையரிடமிருந்து இரண்டு பைல் வந்தது. ஒன்று சுவரில் மாட்ட, ஒன்று டீ-ஷர்ட்டின் முதுகில் அச்சடிக்க. இரண்டுக்கும் 'ஏழு விதிகள்' என்றே தலைப்பு, இரண்டிலும் ஏழேழு வரி. அவசரத்தில் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு, மொழிபெயர்க்க ஒன்றையும் பிரிண்டிங்குக்கு இன்னொன்றையும் மாற்றி அனுப்பியவள் அவள்தான்.

டேபிளில் கிடந்த வீரனைத் திருப்பிப் போட்டாள். கிரகங்களை எரித்தவனின் முதுகில், 'வாரம் ஒரு நாள் விடுமுறை உண்டு. சங்கம் சேரத் தடையில்லை' என்று ஆங்கிலத்தில் அழகாக அச்சாகியிருந்தது.

"ஐந்து. உன் உயிர் உனக்குச் சொந்தமில்லை." ஆடிட்டர் அதற்கு மேல் வாசிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். "என்னம்மா இது?"

"சார்... பைல் மாறிப்போச்சுங்க. அது இந்தப் படையோட விதிங்க. என் தப்புதாங்க சார்." என்றாள் கீர்த்தனா. "வேற கிரகத்துல நடக்கிற கதைங்க. இங்க அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

"சின்னப் புள்ளைங்க சார், கை தவறிப்போச்சு," என்றார் சுப்பண்ணன். அவருக்கு எது தவறிப்போனது என்று இன்னும் பிடிபடவில்லை.

ஆடிட்டர் கல்நெஞ்சக்காரர் இல்லை. பேனாவைத் தாளின் மேல் நிறுத்திக்கொண்டு யோசித்தார்.

"பைல்தான் மாறிச்சுன்னா, கவனக்குறைவுன்னு எழுதி பாஸ் போட்டுடறேன். ஆனா வேலை செய்றவங்க ஒருத்தராவது சொல்லணும். இந்தப் போர்டைப் படிச்சப்ப, இதென்ன கூத்துன்னு அவங்களுக்குத் தோணியிருக்கணும் இல்லையா? அது போதும் எனக்கு."

பக்கத்து ஓவர்லாக் தையல் மெஷினில் செல்லத்தாய் இருந்தாள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து பன்னிரண்டு வருஷம். திருப்பூரில் இது அவளுக்கு ஐந்தாவது கம்பெனி. ஆடிட்டர் கூப்பிட்டதும் எழுந்தாள். கையிலிருந்த துணியை மட்டும் விடவில்லை.

"பயப்படாம சொல்லுங்கம்மா. இந்தப் போர்டைப் படிச்சப்ப, என்னடா இதுன்னு ஏதாச்சும் தோணுச்சா?"

செல்லத்தாய் போர்டைப் பார்த்தாள். முதலாளியைப் பார்த்தாள். தோணுச்சு என்று சொல்லேன் என்று கண்ணாலேயே கெஞ்சிக்கொண்டிருந்த கீர்த்தனாவைப் பார்த்தாள். பாவம், இந்தப் புள்ளைக்கு ஒரு நல்ல பேர் வாங்கிக் கொடுப்போம் என்று முடிவு செய்தவளாகத் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"தோணுச்சு சார். மத்த கம்பெனியில இதையெல்லாம் வாயாலதான் சொல்லுவாவ. இங்கதான் ஒளிக்காம எழுதிப் போட்டிருக்காவ."