டாக்டர் தூங்குகிறார்

கதிரவனும் ஜெயராணியும் பேசிக்கொள்ளாமல் இரண்டு மாதமாகிறது. சிதம்பரத்தில் மனநல மருத்துவர் சிற்றம்பலத்தின் எதிரே உட்கார்ந்த பிறகும் எல்லாம் டாக்டர் வழியாகத்தான் நடந்தது.

"டாக்டர், நாளைக்கே நெல்லிக்குப்பத்துக்கு எங்கம்மா வூட்டுக்குப் போறேன்னு அவர்கிட்ட சொல்லுங்க."

"தாராளமா போகச் சொல்லுங்க சார். நானே பஸ் ஏத்தி விடுறேன்."

டாக்டரிடமிருந்து மெல்லிய குறட்டைதான் வந்தது.

கதிரவன் திகைத்துப்போய் மனைவி பக்கம் குனிந்தான். "இன்னாடி, தூங்கிட்டாரு?"

"உஷ்! மெதுவா பேசுங்க. பாவம், வயசானவரு."

"நம்ம கதையைக் கேக்காம தூங்குறாரு, இவரு பாவமா?"

"நீங்க மட்டும்? பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே எங்க வூட்டு சோபாவுல தூங்குனவருதான?"

"உங்கம்மா வச்ச கேசரி ஜாஸ்தியாயிடுச்சிடி."

ஜெயராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அவனுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஏன்டி ரெண்டு மாசமா பேசல?"

"நீங்க பேசுவீங்கன்னு இருந்தேன்."

"நானும் அப்படித்தான்டி இருந்தேன்."

வெகுநேரம் கிசுகிசுத்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனார்கள்.

நர்ஸ் லோகநாயகி உள்ளே வந்தாள். டாக்டர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"போயிட்டாங்களா?"

"தனித்தனி ஆட்டோவுல வந்தவங்க, ஒரே ஆட்டோவுல போறாங்க சார்."

"அடுத்து யாரு?"

"பரங்கிப்பேட்டை ஜோடி. அவுங்களும் பேசிக்கிறதில்ல."

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப ஸ்ட்ராங்கா ஒரு காபி சொல்லும்மா. போன தடவை நெஜமாவே தூங்கிட்டேன்."