உப்பில்லாத தேத்தண்ணி

“இது தேத்தண்ணியா, துணி அலசின தண்ணியா?”

பொன்னாயி ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை ஓங்கிக் கீழே வைத்தாள். பத்து மணி இடைவேளை என்றால் ஐந்து மாதமாக இதே கூத்துதான்.

கொழுந்து பறிப்பவர்களுக்கு உப்புப் போட்ட சாயத் தேநீர் கொண்டுவந்து கொடுப்பது நெல்லியாளம் பக்கத்து அந்த எஸ்டேட்டின் பழைய வழக்கம். நாள் முழுக்க மலையில் நிற்கிற உடம்புக்கு அது தெம்பு. அந்த உப்புதான் ஒருநாள் திடீரென்று காணாமல் போய்விட்டது.

“என்னை என்ன பண்ணச் சொல்றீங்க? தேயிலை வெல விழுந்து கெடக்கு. கம்பெனி உப்பை நிறுத்திருச்சு,” என்றார் தேநீர் ஊற்றும் அழகையா.

“கம்பெனி நிறுத்துச்சா, நீ வித்துத் தின்னுட்டியா?”

பொன்னாயியின் குரல் எதிர்மலைக்கும் கேட்டது. அவள் தொண்டை அப்படி. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அவளுக்கும் பக்கத்து வீட்டு இந்துமதிக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். அந்தப் பக்கம் இந்துமதி தும்மினால், இந்தப் பக்கமிருந்து “தைலம் தேய்டி” என்று சத்தம் போகும்.

அன்று பார்த்து பீல்டு ஆபீசர் நெல்சன் அந்த வழியாக வந்துவிட்டார். பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

“ஐயா, வேல நாளையும் கொறச்சிட்டீங்க. தற்காலிகப் பேரையெல்லாம் வெட்டுறீங்க. இந்த ஒரு சிட்டிகை உப்புலயுமா கை வைக்கணும்?”

நெல்சன் முழித்தார். “உப்பை யாரும்மா நிறுத்துனா? மாசாமாசம் ஸ்டோர்லருந்து வருதே!”

அத்தனை கண்களும் அழகையா பக்கம் திரும்பின. அவ்வளவு நேரம் கத்திய பொன்னாயிக்கு இருமல் வந்துவிட்டது.

“திருட்டு ஆளு!” என்றாள் ஒருத்தி.

அழகையா தேநீர்க் கொட்டகைக்குள் போய் ஒரு சாக்கை இழுத்து வந்து அவிழ்த்தார். உள்ளே உப்புப் பாக்கெட்டுகள். ஒன்றுகூடப் பிரிக்கவில்லை.

“விக்கலை, திங்கலை. வந்தது வந்தபடி இருக்கு.”

“அப்புறம் ஏன்யா போடலை? கம்பெனி பேருல பொய் வேற! காரணத்தைச் சொல்லு. இல்லேன்னா நாளையிலருந்து உனக்கு வேலை இல்லை,” என்றார் நெல்சன்.

அழகையா சாக்கின் வாயைத் திரும்பக் கட்டத் தொடங்கினார்.

அப்போதுதான் சரிவில், சத்தத்தைக் கேட்டபடியே ஓட்டமும் நடையுமாக இந்துமதி வந்தாள். முந்தின நாள் கோழிக்கோட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவள், காலை பஸ்ஸில் நேரே மலைக்கே வந்திருந்தாள். கையில் ஒரு கவர். முகமெல்லாம் சிரிப்பு.

“ஐயா, அவரை ஏசாதீங்க! அந்த உப்பில்லாத தேத்தண்ணி எனக்கு நல்லதுதான் பண்ணியிருக்கு.”

“உனக்கு என்ன நல்லது?”

இந்துமதி ஒரு வருஷமாக அடக்கி வைத்திருந்ததைக் கொட்டினாள்.

“எனக்கு லூபஸ்னு ஒரு நோய்ங்க. நோயை எதுக்க வேண்டிய சக்தியே நம்ம உடம்பைத் திருப்பி அடிக்குமாம். கன்னம் செவந்தது, மூட்டு வலிச்சது எல்லாம் அதனாலதான். அப்புறம் கிட்னியில கைவச்சிருச்சு. கிட்னி நம்ம டீ வடிகட்டி மாதிரியாம். அது புண்ணாகி, உடம்புல தங்க வேண்டிய புரதமெல்லாம் ஒண்ணுக்குல ஒழுகிப் போச்சு. நுரை நுரையாப் போகும். கால் வீங்கிரும். ஊசி விட்டு, கிட்னியில துளி சதை எடுத்துப் பாத்துத்தான் கண்டுபுடிச்சாங்க.”

“அப்ப அந்த வீங்குன மொகம்?” என்றாள் ஒருத்தி. ‘வீட்டுல தெனமும் விருந்து போல’ என்று அந்த முகத்தைக் கிண்டலடித்தவள் அவள்தான்.

“ஸ்டீராய்டு மாத்திரைதான் அக்கா. அதுல உருண்டு போச்சு. அதோட மாசம் ஒருக்கா ட்ரிப்ஸ்ல மருந்து ஏத்துனாங்க, ஆறு மாசம். முடி கொட்டிருச்சு. வெயில் ஆகாது. உப்பைக் குறை, இல்லேன்னா வீக்கமும் பிரஷரும் ஏறும்னாரு டாக்டர். தேத்தண்ணி வேணாம்னா நீங்க ஏன்னு கேப்பீங்க. சீக்காளின்னு தெரிஞ்சா மொதல்ல என் பேரைத்தானே வெட்டுவாங்க? பயந்து பயந்து குடிச்சேன். நல்ல வேளை, கம்பெனியே உப்பை நிறுத்திருச்சுன்னாங்க.”

கவரைப் பிரித்து நெல்சனிடம் நீட்டினாள்.

“புரதம் ஒழுகுறது கிட்டத்தட்ட நின்னு போச்சுங்க! மருந்து கேட்டிருச்சாம், கிட்னி தப்பிச்சிருச்சாம்! மாத்திரையை மட்டும் வருஷக்கணக்கா விடாம சாப்பிடணும். வேலை செய்யலாம்னு டாக்டர் எழுதியே குடுத்துட்டாரு!”

பெண்கள் போட்ட கூச்சலில் பக்கத்து மலை ஆட்கள் ஓடி வந்து என்னவென்று கேட்டார்கள். கிண்டலடித்தவள் இந்துமதியைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள். நெல்சனும் கை தட்டினார்.

“உன் பேரை யாரும் வெட்ட மாட்டாங்க. பேக்டரி உள்ளேயே, வெயில் படாத வேலை பாத்துத் தர்றேன்.” பிறகு அழகையாவின் தோளில் கைபோட்டார். “பெரிய மனுசன்யா நீ! இந்தப் புள்ளைக்கு உடம்பு முடியலைன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?”

அழகையா தலையைச் சொறிந்தார்.

“எனக்கே இப்பத்தாங்க தெரியும். என்கிட்ட காரணம் ஒண்ணும் சொல்லலை. ‘இனிமே ஒரு கல்லு உப்புப் போட்டே, கேனோட உன்னையும் சேத்து உருட்டி விட்ருவேன். கேட்டா கம்பெனி மேல பழியைப் போடு. யாருக்கும் சந்தேகம் வராம தெனமும் நான் கத்திக்கிறேன்’னு மட்டும் சொன்னாங்க.”

“யாரு சொன்னா?”

இடைவேளை முடிய இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. பொன்னாயி மட்டும் கூடையை மாட்டிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், படபடவென்று கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள்.