இருபதாவது நுரையீரல்

டாக்டர் கண்ணுச்சாமி உளுந்தவடை தின்ற விரலோடு மவுஸைப் பிடித்தார்.

எண்ணெய் வாடை சிவபாண்டியின் மூக்கில் ஏறியது. அவனுடைய ஐந்து வருட ஆராய்ச்சி அந்த எண்ணெய் விரலுக்குக் கீழேதான் இருந்தது.

திரையில் நுரையீரல்கள். மொத்தம் இருபது சி.டி. ஸ்கேன். அதில் பத்து, உயிருள்ள மனிதர்களைப் படுக்கவைத்து எடுத்தவை. மீதிப் பத்து, நாகமலை புதுக்கோட்டையில் ஃபேன் ஓடாத ஒரு லேபில் உட்கார்ந்து சிவபாண்டி கம்ப்யூட்டரில் உண்டாக்கியவை.

பொம்மை நோயாளிகள். சோறு தின்னமாட்டார்கள், பீடி குடிக்கமாட்டார்கள். எத்தனை தடவை ஸ்கேன் எடுத்தாலும் கதிர்வீச்சு பட்டுச் சாகமாட்டார்கள், சொந்தக்காரர்கள் திரண்டு வந்து கண்ணாடியை உடைக்கமாட்டார்கள். ஆராய்ச்சிக்கு இவ்வளவு தங்கமான மனிதர்கள் வேறெங்கும் கிடைக்கமாட்டார்கள்.

எது நிஜம், எது பொம்மை என்று டாக்டர் சொல்லவேண்டும். பன்னிரண்டுக்கு மேல் சரியாகச் சொல்லிவிட்டால் பொம்மைகள் பொம்மைகள்தான். தீசிஸ் இன்னும் இரண்டு வருடம் இழுக்கும். பன்னிரண்டோடு நின்றால் இன்றைக்கே கையெழுத்து.

நிஜ ஸ்கேன்கள் முதலில் ஒன்பதுதான் கிடைத்தன. பத்தாவதை சிவபாண்டியே ஒரு பென் டிரைவில் கொண்டுவந்தான். எங்கிருந்து என்று கைடு பிச்சுமணி கேட்கவில்லை. “பேர எடுத்துட்டியா?” என்று மட்டும் கேட்டார்.

அதே பிச்சுமணி இப்போது நாற்காலி நுனியில் உட்கார்ந்து, டாக்டர் வாயைத் திறப்பதற்கு முன்பே தலையாட்டிக்கொண்டிருந்தார்.

“டேபிளப் பாத்தீங்களா? மேலூர்க் கல்லு. மொகம் தெரியும்” என்றார் டாக்டர், கறுப்புக் கிரானைட்டைத் தட்டி.

பிச்சுமணி குனிந்து பார்த்தார். முகம் தெரிந்தது. தலையைக் கோதிக்கொண்டார்.

கீழே வரவேற்பறையில் யாரோ இருமினார்கள். நிற்காத, வறண்ட இருமல்.

டாக்டர் இன்டர்காமை எடுத்தார். “யாரும்மா அது, இருமி உசுர வாங்குறது? வெளிய மரத்தடியில உக்காரச் சொல்லு. கிருமியப் பூரா ஏசிக்குள்ள விட்டுட்டுப் போயிருவாங்க.”

பிச்சுமணி சிரித்தார். சிவபாண்டி கையிலிருந்த விடைத்தாளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“நிஜம். பொம்மை. பொம்மை. நிஜம்.”

சொத்தைக் கத்தரிக்காய் பொறுக்குவதுபோல டாக்டர் மனிதர்களைத் தள்ளிக்கொண்டே போனார். நடுநடுவே பல்லிடுக்கில் நகத்தை விட்டு எதையோ எடுத்து, பார்த்து, திரும்ப வாயிலேயே போட்டுக்கொண்டார்.

பத்தொன்பது முடிந்தபோது சரியானவை பன்னிரண்டு.

ஏசியிலும் சிவபாண்டிக்கு வியர்த்தது. இன்னும் ஒன்றைச் சரியாகச் சொன்னால் தீர்ந்தது கதை.

இருபதாவது நுரையீரல் வந்தது.

டாக்டர் மெல்லுவதை நிறுத்தினார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அரைபடாத உளுந்து ஒன்று தெறித்துத் திரையில் ஒட்டியது, சரியாக வலது நுரையீரலின் மேல். யாரும் அதைத் துடைக்கவில்லை.

“என்ன தம்பி, ரொம்ப ஓவராப் போயிட்டீங்க? நெஞ்சு பூராக் கல்லக் கொட்டி வச்சிருக்கீங்க. இத வச்சுக்கிட்டு ஒருத்தன் இந்த மாடிப்படி ஏறுவானா? இங்க பாருங்க, படம் கலங்கியிருக்கு. பத்து செகண்டு மூச்சடக்க முடியாம நடுவுல இருமுன மாதிரி. இருமலக்கூட புரோகிராம் பண்ணிட்டானய்யா இவன்!”

“பையன் கொஞ்சம் ரசனைக்காரன், டாக்டர்” என்றார் பிச்சுமணி.

“பொம்மை” என்று டாக்டர் கிளிக் செய்தார்.

விடைத்தாளில் இருபதுக்கு நேரே ‘நிஜம்’ என்று இருந்தது. பன்னிரண்டு பன்னிரண்டாகவே நின்றுவிட்டது.

சிவபாண்டிக்குள் ஜில்லென்று ஒரு சந்தோஷம் ஓடியது. ஒரு நொடிதான். பிறகு அந்தப் பழைய எண்ணெய் வாடை திரும்ப வந்தது. இந்தத் தடவை அது தன் மேலிருந்தே அடிப்பதுபோல இருந்தது.

விடைத்தாளை வாங்கிப் பார்த்த டாக்டரின் முகம் சுருங்கியது. “நிஜமா? யாருய்யா இந்தாளு? உசுரோட இருக்கானா?”

“பேர எடுத்துட்டோம் சார். அதான் ரூல்ஸ்” என்றான் சிவபாண்டி.

“கரெக்ட், கரெக்ட். பேரு இருக்கக்கூடாது” என்று நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டார். தாளின் ஓரத்தில் அவருடைய கட்டைவிரல் ரேகை, எண்ணெயில், ஒரு கோடு விடாமல் பதிந்தது. பிச்சுமணி அதைப் பிரசாதம்போல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

சிவபாண்டி படியிறங்கி வெளியே வந்தான்.

வேப்பமரத்தடியில் நின்றிருந்தவர் அவனைப் பார்த்ததும் இருமலை விழுங்கிக்கொண்டார். முப்பது வருடம் கல்லறுத்த கை ஹெல்மெட்டை நீட்டியது.

“என்னய்யா, நெசமுன்னு ஒத்துக்கிட்டாகளா?”

“ஒத்துக்கிட்டாக.”

வண்டியின் பின்னால் ஏறி உட்கார அப்பாவுக்கு மூன்று மூச்சு பிடித்தது.