இனிமே வராது

"பயப்படாதீங்கம்மா. நாங்களே வர வச்சிருவோம்," என்றார் டாக்டரம்மா.

அவள் மல்லாந்து கிடந்தாள். தொடையிடுக்கு மரத்திருந்தது. அங்கிருந்து மெல்லிய கம்பிகள் இதயம் வரை போயிருந்தன.

படபடப்பு வந்தால்தான் அது கிளம்புகிற இடம் தெரியும். தெரிந்தால்தான் அந்த இடத்தைச் சூடு வைத்து அடக்க முடியும்.

வரவில்லை.

கம்பி உள்ளே தூண்டியது. நின்றது. மறுபடியும் தூண்டியது.

"வீட்டுல நேரங்காலம் இல்லாம வருமாம். எங்களப் பாத்ததும் வெக்கம் வந்துட்டு," என்று சிரித்தாள் நர்ஸ் ஜெபக்கனி.

"வழக்கமா எப்பம்மா வரும்?"

"படி ஏறுனா."

பொய்.

வீட்டுக்காரர் குரல் உயர்ந்தால் வரும். சோற்றுத் தட்டு சுவரில் மோதினால் வரும். ஓங்கிய கை இறங்குவதற்குள் வந்துவிடும்.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். கழுத்து நரம்பு துடிப்பது அவருக்கே தெரியும். கை தானாகக் கீழே போகும். தண்ணீர்கூடக் கொண்டுவந்து தருவார்.

இத்தனை வருடத்தில் அந்தக் கையை நிறுத்தியது அது ஒன்றுதான்.

வந்துவிடாதே என்று மனதுக்குள் கும்பிட்டாள்.

மருந்து ஏற்றினார்கள்.

வந்துவிட்டது. தொண்டைக்குள் ஏறி நின்று அடித்தது.

"இதுதானா? வீட்டுல வர்றதும் இதேதானா?"



இல்லை என்று சொல்லிவிடலாம்.

போன மாதம் அடுப்படியில் நினைவு தப்பி விழுந்தாள். கண் திறந்தபோது இசக்கி பள்ளிக்கூடப் பையைக்கூடக் கழற்றாமல் அம்மாவை உலுக்கிக்கொண்டிருந்தாள். அடுத்த தடவை கண் திறக்காமல் போனால், மகள் அந்த வீட்டில் தனியாக.

"ஆமா," என்றாள்.

நெஞ்சுக்குள் ஒரு சூடு. புள்ளி அளவுதான்.

மீண்டும் தூண்டிப் பார்த்தார்கள். மருந்து ஏற்றிப் பார்த்தார்கள். இதயம் சாதுவாக அடித்துக்கொண்டிருந்தது.

"முடிஞ்சுதும்மா. இனிமே வராது."

காதோரம் வழிந்ததைப் பஞ்சால் ஒற்றினாள் ஜெபக்கனி.

"சந்தோசத்துல அழுதியளாக்கா?"

வார்டில், தொடையிடுக்கில் துளை போட்ட இடத்தின் மேல் மணல் மூட்டையை வைத்தார்கள். காலை மடக்கக் கூடாது. எழுந்திருக்கக் கூடாது.

வீட்டுக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றித் தானே குடித்தார்.

"ஒனக்கு இனிமே ஒண்ணும் வராதாம்ட்டி. டாக்டரம்மா என்கிட்டயும் சொல்லிட்டாவ."

அவள் தலையாட்டினாள்.

"பீரோச் சாவி எங்க?"

"இசக்கிகிட்ட குடுத்திருக்கேன்."

"யாரக் கேட்டுக் குடுத்த?"

குரல் ஒரு படி உயர்ந்தது.

அவள் கை பழக்கத்தில் நெஞ்சுக்குப் போனது.

உள்ளங்கைக்குக் கீழே எல்லாம் சீராக இருந்தது. பயம் மட்டும் எங்கும் போகாமல் அப்படியே கிடந்தது.

அவர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு கழுத்தைப் பார்த்தார்.

அங்கே எதுவும் துடிக்கவில்லை.

டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து, கட்டிலைச் சுற்றியிருந்த திரைச்சீலையை மெதுவாக இழுத்து மூடினார்.