மூன்றாம் ஓலை

மூன்றாவதும் கடைசியுமாகப் பியூலாவின் கல்யாண ஓலையை, மூன்று ஞாயிறு சபையில் படிக்கவேண்டிய திருமண அறிவிப்பை, கோயிலில் வாசித்தார் போதகர். "இந்த விவாகத்துக்குத் தடை உண்டென்று அறிந்தவர்கள் சொல்லலாம்" என்று கேட்டுவிட்டு, வழக்கம்போலப் பதிலுக்குக் காத்திராமல் தாளை மடித்தார். ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்திருந்த பியூலா எழுந்தாள்.

"எனக்குச் சம்மதமில்ல, ஐயா."

"இத்தன நாளா ஏம்மா சொல்லல?"

"யாரும் கேக்கலியே. ஆண்டவர் சந்நிதியில நீங்க மட்டுந்தான் கேட்டீங்க; போன ரெண்டு தடவையும் தைரியம் வரல. இங்க வச்சுப் பொய் சொல்லுவனா?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். சபை முழுக்க அவரையே பார்த்தது. பியூலா உட்கார்ந்து, ஞாயிறுதோறும் செய்வதுபோல அடுத்த பாட்டை வாசிக்கத் தொடங்கினாள். யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஆண்கள் பக்கத்திலிருந்து, சுருதி சேராத ஒரு குரல், ஓடு அதிர, ஆனந்தமாகப் பாட ஆரம்பித்தது. அவள் திரும்பிப் பார்த்தாள்.

மாப்பிள்ளை!